நையாண்டிச் செய்தி: ஜனங்க ஏன் பாக்காங்க, நாம எழுதுனா மட்டும் ஏன் சிரிப்பு வரல்ல?

வடசேரிச்சந்தை (கேள்வி):

வணக்கம். நாகர்கோவில்ல நாலு பேரு சேர்ந்து வாரம் ஒரு நையாண்டிச் செய்தி யூடியூப்ல போடப் போறோம். எட்டு நிமிஷம், கன்னியாகுமரி மாவட்டச் செய்தி மட்டும். அமெரிக்க டிவியில நையாண்டிச் செய்தி நடத்துற ஜான் ஸ்டூவர்ட், ஜான் ஆலிவர் பாணியில மேசைக்குப் பின்னால ஒருத்தர், தோளுக்கு மேல ஒரு படம், நடுநடுவுல கிளிப். எழுதினதை வாசிச்சுக் காட்டினா யாரும் சிரிக்க மாட்டேங்காங்க.

இருபத்துநாலு மணி நேரமும் செய்தி ஓடுற காலத்துல ஜனங்க எதுக்கு காமெடியன்கிட்ட போயி செய்தி கேக்காங்க? இழுக்குற சங்கதி எதுன்னு தெரிஞ்சாதான் எதைப் பிடிக்கணும்னு எங்களுக்குத் தெரியும். அடுத்தது, நம்ம பேச்சுல பேசலாமா, பொதுத் தமிழா? கேமரா, எடிட்டிங், வழக்கு கிழக்கு எல்லாத்துக்கும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாதிரிக்கு ஒண்ணு: "நம்ம ஊரு ரோட்டுல எவ்வளவு குழின்னா, சந்திரயான் நிலாவுக்குப் போயிருக்கவே வேண்டாம், இங்கயே இறங்கியிருக்கலாம்!"

வீசுகோல்:

தம்பி, அந்தச் சந்திரயான் வரியை மதுரைக்குப் போட்டுப் பாருங்க. பொருந்துதா? சேலத்துக்கு? அங்கயும் பொருந்தும். எல்லா ஊருக்கும் பொருந்துற நக்கல் எந்த ஊரையும் கடிக்காது. போதாக்குறைக்கு 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி சந்திரயான் இறங்கின அன்னைக்கே வாட்ஸ்அப்ல இதை எல்லாரும் பாத்தாச்சு.

மொதக் கேள்விக்கு வாறேன். அமெரிக்காவுல 'டெய்லி ஷோ' 1996ல தொடங்கினப்ப கிரெய்க் கில்பார்ன் நடத்தினாரு. அப்ப அது பெரும்பாலும் செய்தி வாசிப்பைக் கேலி பண்ணுற நிகழ்ச்சி, அதோட சினிமாக்காரங்களைக் கிண்டல். 1999 ஜனவரியில ஸ்டூவர்ட் வந்த பிறவுதான் மெல்ல அரசியல் பக்கமும், அரசியலைக் காட்டுற டிவிக்காரங்க பக்கமும் திரும்பிச்சு. திரும்பினதோட அவங்க வேலையும் மாறிப்போச்சு. நகைச்சுவை எழுதுறவங்க மாத்திரம் போதல்ல. நாள் முழுக்க எல்லாச் சேனலையும் பதிவு பண்ணி, திரையில ஓடுற வசனத்தைச் சொல்லு வச்சுத் தேடி, இதே ஆளு மூணு வருஷத்துக்கு முன்ன என்ன சொன்னாருன்னு எடுக்கிற ஆட்கள் வேண்டியதாச்சு. இன்னைக்கு இப்படி, அன்னைக்கு அப்படி, ரெண்டு கிளிப்பையும் பக்கத்துல பக்கத்துல போட்டுட்டு ஸ்டூவர்ட் கேமராவைப் பாத்து முழிப்பாரு. வாயே திறக்க மாட்டாரு. சிரிப்பு அங்கதான் வரும்.

பாக்கிறவனுக்கு இதுல என்ன கெடைக்குது? செய்தி வாசிக்கிறவரு ரெண்டு பேச்சையும் ஒரே முகத்தோட வாசிச்சுட்டுப் போயிருவாரு. வீட்டுல இருந்து கேக்கிறவனுக்கு "இவரு போன தடவை வேற மாதிரிலா சொன்னாரு"ன்னு ஒரு உறுத்தல் கெடக்கும். அந்த உறுத்தலை ஒருத்தன் ஆதாரத்தோட எடுத்து வெளியில வச்சா மனசுக்கு ஆறுதல். ஜோக்கு அதுக்கு மேல தூவின தேங்காய்ப்பூ மாதிரி.

நம்ம பக்கத்து வில்லுப்பாட்டை நினைச்சுப் பாருங்க. வில்லுக்குப் பின்னால இருக்கிற புலவரு வீசுகோலை வச்சுக் கதையை நடத்துவாரு. கூட இருக்கிறவரு "ஆமா" போடுவாரு. அது சும்மா ஆமா இல்ல. "அப்படியா?", "அதெப்படி?", "பிறவு அவன் ஏன் போனான்?"ன்னு கூட்டத்துல இருக்கிறவன் மனசுல வாற சந்தேகத்தை அவன் கேக்கிறதுக்கு முன்னால கேப்பாரு. நையாண்டிச் செய்தியில புலவரு யாரு? அமைச்சர், அதிகாரி, அறிக்கை, டெண்டர் நோட்டீஸ். உங்க தொகுப்பாளரு ஆமா போடுறவரு. நீங்க அவரைப் புலவர் இடத்துல உக்காத்தி வச்சு முழுக் கதையும் அவரையே பாடச் சொல்லுதீங்க. அதுதான் கோளாறு.

அந்த ரோட்டு விஷயத்தையே எடுத்துக்கிடுங்க. குழியை விடுங்க. வேலை நடக்கிற இடத்துல பலகை நட்டிருப்பாங்க: வேலையின் பெயர், மதிப்பீடு, தொடங்கின நாள், முடிக்க வேண்டிய நாள். அதைத் தேதி தெரியிற மாதிரி ஃபோட்டோ எடுங்க. பழைய பலகைன்னா கொடி ஏறியிருக்கும், கால் துருப்பிடிச்சிருக்கும். முடிக்க வேண்டிய நாள் தாண்டியிருந்தா அன்னைக்கு உங்க எபிசோடு கெடைச்சாச்சு. எழுதுற வரிசை இப்படி:

தொகுப்பாளர் செய்தி வாசிக்கிற குரல்ல பலகையில இருக்கிறதை அப்படியே வாசிக்கணும். நக்கல் தொனி கூடாது. படம் முழுத் திரையில நாலு செகண்டு. "முடிக்க வேண்டிய நாள்" வரும்போது அந்த வரியை மாத்திரம் பெருசாக்கணும். திரும்ப அவரு முகம். ஒரு செகண்டு அமைதி. பிறவு: "இந்தப் பலகையில போட்ட வேலையில ஒண்ணே ஒண்ணு முடிஞ்சிருக்கு. பலகை." அங்க நிறுத்திரணும். "அதுவும் நல்ல உறுதியா நிக்கு"ன்னு வால் ஒட்டணும்னா ஒட்டலாம், அதுக்கு மேல ஒரு சொல்லு வேண்டாம்.

குழியைப் பத்திப் பேசவே இல்ல பாத்தீங்களா? குழி எல்லாருக்கும் தெரியும். அவங்க பாக்காதது அந்தத் தேதி.

சாயாக்கடை:

எல்லாம் சரியாக்கும். சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவான், ரோடு அங்ஙனயே கெடக்கும். இதுக்கு இவ்வளவு பாடா?

இரணியல்_மேற்கு:

சாயாக்கடை கேட்டது ஒதுக்குற கேள்வி இல்ல. 2006ல பாம்கார்ட்னர், மாரிஸ்னு ரெண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் கல்லூரி மாணவர்களை வச்சு 'டெய்லி ஷோ'வைப் பத்தி ஓர் ஆய்வு போட்டாங்க. பாத்தவங்களுக்கு வேட்பாளர்கள் மேலயும் செய்தி ஊடகத்து மேலயும் நம்பிக்கை குறைஞ்சுது. ஆனா "அரசியல் எனக்குப் புரியுது"ங்கிற தன்னம்பிக்கை கூடிச்சு. ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கிடுங்க. "எல்லாவனும் கள்ளன், எனக்கு எல்லாம் தெரியும்"னு திண்ணையில உக்காந்துருவான். இது நையாண்டியோட இயல்பான நோய்.

மருந்து இருக்கு, ஆலிவர் செய்து காட்டினது. 2014 ஏப்ரல்ல எச்பிஓவில தொடங்கின அவரு நிகழ்ச்சியில பெரிய பகுதி ஒரே விஷயம், பதினஞ்சு இருபது நிமிஷம். கடைசியில பாக்கிறவன் கையில ஏதாவது வேலையைக் கொடுத்துருவாரு. 2014 ஜூன்ல இணைய சமவாய்ப்பு (எல்லா இணையதளத்தையும் இணைய கம்பெனிங்க ஒரே மாதிரி நடத்தணும்ங்கிறது) பத்திப் பேசிட்டு, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தோட கருத்துப் பெட்டி எங்க இருக்குன்னு காட்டி எழுதச் சொன்னாரு. அந்த இணையதளம் தாங்க முடியாமத் திணறிச்சு. 2016ல கடன் வசூல் கம்பெனிகளைப் பத்திப் பேசினப்ப, அவரே ஒரு கம்பெனியைப் பதிவு பண்ணி கிட்டத்தட்ட ஒண்ணரைக் கோடி டாலர் மருத்துவக் கடனை அறுபதாயிரம் டாலருக்கும் குறைவா வாங்கி, அவ்வளவையும் தள்ளுபடி ஆக வச்சாரு. இவ்வளவு பெரிய கடன் இவ்வளவு மலிவா கைமாறுதுங்கிறதுதான் அவரு சொல்ல வந்த செய்தி. அதை வாங்கியே நிரூபிச்சுட்டாரு.

எட்டு நிமிஷத்துல உங்களுக்கு அவ்வளவு முடியாது. ஆனா தகவல் உரிமைச் சட்டம் கையில இருக்கு. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. "ஏன் முடிக்கல்ல?"ன்னு கேக்காதீங்க. காரணம், விளக்கம் சொல்லுறது அவங்க கடமை இல்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க. அவங்க கையில இருக்கிற காகிதத்தைக் கேளுங்க: பணி ஆணை நகல், ஒப்பந்தக் காலம், கால நீட்டிப்பு கொடுத்திருந்தா அந்த உத்தரவு, இதுவரை வழங்கின தொகை. பதில் தர முப்பது நாள். அதனால இன்னைக்குப் போடுற மனு அடுத்த மாசத்து எபிசோடுக்கு. வாரா வாரம் ரெண்டு மனு போட்டு வச்சா, ஒரு மாசம் கழிச்சுக் காகிதம் வந்துகிட்டே இருக்கும். வராட்டி மேல்முறையீடு, அதுவும் ஒரு எபிசோடு.

அந்தப் பதிலை எபிசோடுல காட்டும்போது மனு மாதிரியையும் கீழ விவரக் குறிப்புல போட்டுருங்க. பாக்கிறவன் தன் தெரு ரோட்டுக்கு அதே மனுவைப் போடுவான். சாயாக்கடைக்கு என் பதில் அவ்வளவுதான்.

தக்கலைக்காரி:

மொழிக் கேள்வியை யாரும் தொடல்ல, நான் தொடுதேன். இங்கிலீஷ்ல நையாண்டி பண்ணுறவங்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கு. அவங்க செய்தி வாசிக்கிற மொழியும் வீட்டுல பேசுற மொழியும் ஏறக்குறைய ஒண்ணுதான். நமக்கு செய்தித் தமிழ் வேற, வாய்த் தமிழ் வேற. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற படிக்கட்டுலதான் சிரிப்பு உருளும்.

அதனால "நம்ம பேச்சா, பொதுத் தமிழா?"ன்னு கேக்காதீங்க. ரெண்டும் வேணும், இடம் மாறாம வேணும். செய்தி வரி சுத்தச் செய்தித் தமிழ்ல, வானொலி வாசிக்கிற மாதிரி. அடுத்த வரி நம்ம வீட்டுத் திண்ணைப் பேச்சு. பாருங்க:

"குடிநீர்த் தட்டுப்பாட்டைப் போக்க நிர்வாகம் துரித நடவடிக்கை எடுத்து வருகிறது."
(காகிதத்தை இறக்கி வச்சு) "எடுத்துட்டு வருதாம். எங்க இருந்து எடுத்துட்டு வருதுன்னுதான் தெரியல்ல. நடந்து வருது போல."

இந்த ஜோக்கை வேற மொழியில சொல்லவே முடியாது. "எடுத்து வருகிறது"ங்கிற சொல்லுக்குள்ளயே இருக்கு அது. அரசாங்க அறிக்கைத் தமிழ்ல இப்படி நூறு கெடக்கு. "ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் உள்ளது", "போர்க்கால அடிப்படையில்". இதுல "செய்யப்படும்", "எடுக்கப்படும்"னு முடியிற வாக்கியம் எல்லாத்துலயும் எழுவாய் ஒளிஞ்சு நிக்கும். செய்யிறது யாருன்னு இருக்காது. உங்க தொகுப்பாளரு இலக்கண வாத்தியார் மாதிரி ஒரு கேள்வி கேட்டா போதும்: "எழுவாய் எங்க?" அதையே வாரா வாரம் வர்ற ஒரு பகுதியா வச்சுக்கிடலாம். அந்த வாரத்து அறிக்கையில ஒரு வாக்கியத்தை எடுத்து, திரையில போட்டு, எழுவாயை வட்டம் போட்டுக் காட்டச் சொல்லணும். வட்டம் வெறும் இடத்துல விழும்.

நம்ம மாவட்டத்துக்குள்ளயே அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் ஒரு பேச்சு, கல்குளம், விளவங்கோடு பக்கம் வேற பேச்சு. தொகுப்பாளருக்கு எந்தப் பேச்சு பிறந்ததுல இருந்து வருமோ அதை மாத்திரம் பேசட்டும். நாகர்கோவில்காரன் "ஆக்கும்", "ஆக்கும்"னு வலிஞ்சு ஒட்டினா மார்த்தாண்டத்துல இருக்கிறவன் முகம் சுளிப்பான். பேச்சுலயே ஜோக்கு இருக்குன்னு நினைக்கவும் கூடாது. நம்ம பேச்சை நாமளே கேலிப்பொருளா ஆக்கினா, அறிக்கை தப்பிச்சுரும்.

இன்னொண்ணு. நம்ம வீடுகள்ல மலையாளச் சேனல் ஓடுறது பழக்கம். ஏசியாநெட்ல 2000ல தொடங்கின 'முன்ஷி'யைக் கவனிங்க. ஒரே இடம், அதே நாலஞ்சு ஆட்கள், அன்னைக்குச் செய்தியைப் பத்தி வழக்காடுவாங்க, கடைசியில முன்ஷி ஒரு பழமொழி சொல்லி முடிப்பாரு. மொத்தமே சில நிமிஷம். மேசை, கிளிப், படம் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு தரப்பு. அமெரிக்க மேசையை அப்படியே தூக்கிட்டு வரணும்னு கட்டாயம் இல்ல தம்பி. ரெண்டு பேரை உக்காத்தி ஒருத்தர் அறிக்கை வாசிக்க, மற்றவரு ஆமா போட்டாலே வீசுகோல் அண்ணாச்சி சொன்ன கணக்கு ஒத்துவரும்.

வடசேரிச்சந்தை:

அக்கா, அந்த எழுவாய்ப் பகுதி நல்லாருக்கு, எடுத்துக்கிடுதோம். ஸ்டீஃபன் கோல்பேர் மாதிரி வேற ஒரு ஆளா நடிச்சா எப்படி இருக்கும்? அதிகாரி மாதிரியே கோட்டு போட்டு, எல்லாம் சரியா நடக்குதுன்னு வாதாடுற மாதிரி?

இரணியல்_மேற்கு:

செய்யலாம், ஆனா கத்தி மேல நடக்கிறது. கோல்பேர் 2005 அக்டோபர்ல இருந்து 2014 டிசம்பர் வரைக்கும் ஒரு வலதுசாரி டிவி வர்ணனையாளரா நடிச்சாரு, பெரும்பாலும் வேஷம் கலையாம. 2009ல ஓகையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல இருந்து வந்த ஓர் ஆய்வைப் பாருங்க. பழமைவாதக் கருத்து உள்ள பார்வையாளர்கள்ல பலரும், "அவரு சும்மா கேலி பண்ணுற மாதிரி காட்டுறாரு, உள்ளுக்குள்ள அவரு நினைக்கிறது அதுதான்"னு எடுத்துக்கிட்டாங்க. எதிர்த்தரப்பு வெறும் கேலின்னு எடுத்துச்சு. ஒரே நிகழ்ச்சி, ரெண்டு பேரும் தனக்குச் சாதகமா. ரெண்டு மணி நேரம் மேடையில உங்களைப் பாத்தவனுக்கு வேஷம்னு தெரியும். வாட்ஸ்அப்ல முப்பது செகண்டு பாக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

மொத ஆறு மாசம் சொந்த முகத்தோடயே வாங்க.

வெட்டு_ஒட்டு:

தொழில்நுட்பம் கேட்டீங்க. சுருக்கமாச் சொல்லுதேன், ஆனா எண்ணை மாத்தாதீங்க.

நீளம்: நிதானமா வாசிச்சா தமிழ்ல நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100 வார்த்தை. எட்டு நிமிஷத்துல கிளிப்புக்கு ஒண்ணரை நிமிஷம், அமைதிக்கும் படத்துக்கும் ஒரு நிமிஷம் போக, பேச்சு அஞ்சரை நிமிஷம். அதாவது 550 வார்த்தை. புதுசா எழுதுறவங்க 1,100 எழுதிட்டு வேகமா வாசிப்பாங்க. வேகமா வாசிச்சா பாக்கிறவனுக்குச் சிரிக்க நேரம் கெடைக்காது. செத்துப்போன ஜோக்குல பாதி இப்படிச் செத்ததுதான்.

கிளிப்: ஒண்ணு 7 செகண்டுல இருந்து 12க்குள்ள. பேசுறவரு வாக்கியத்தைத் தொடங்குற இடத்துல இருந்து முடிக்கிற இடம் வரை முழுசா வேணும். நடுவுல வெட்டினா "திரிச்சுட்டான்"னு சொல்லுவாங்க, சொன்னா நியாயம்தான். மூலையில தேதியும் எடுத்த இடமும் எழுதணும். கிளிப் முடிஞ்சதும் தொகுப்பாளர் முகத்துக்கு வரும்போது செகண்டுக்கு 25 ஃபிரேம் கணக்குல 20 ஃபிரேமாவது வெறும் முகம் இருக்கட்டும். பாக்கிறவன் கேட்டதை உள்வாங்க அது வேணும். அதுக்கு மேல ரெண்டு செகண்டு போனா ஆளு வசனம் மறந்துட்டாருன்னு தோணும்.

கேமரா: ஃபோனே போதும். ஆனா 30 ஃபிரேம்ல வச்சு டியூப்லைட்டு வெளிச்சத்துல எடுத்தா திரை மினுக்கும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால 25 ஃபிரேம், ஷட்டர் 50ல ஒண்ணு. தானியங்கியை அணைச்சுப் பூட்டிருங்க. லைட்டு ரெண்டு, முகத்துக்கு ரெண்டு பக்கமும் 45 டிகிரியில, ஒண்ணு மற்றதைவிட மங்கலா. ரெண்டும் ஒரே நிறம், 5600 கெல்வின்.

ஒலிதான் முக்கியம். படம் மோசமா இருந்தாலும் பாப்பாங்க, குரல் எதிரொலிச்சா தள்ளிவிட்டுருவாங்க. காலர் மைக் தாடைக்குக் கீழ ஒரு சாண் அளவுல. காங்கிரீட்டு அறைன்னா மூணு சுவர்லயும் போர்வை தொங்கவிடுங்க, தரையில மெத்தையோ கோரம்பாயோ விரிங்க. பதிவு பண்ணும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல். ஐப்பசி மழையில தகரக் கூரைக்குக் கீழ எடுக்கவே எடுக்காதீங்க, எந்த மென்பொருளும் அந்தச் சத்தத்தை முழுசா எடுக்காது.

ரெடிமேட் சிரிப்புச் சத்தம் வேண்டாம். ஆலிவருக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் ஸ்டூடியோவுல நிஜக் கூட்டம் இருக்கு. உங்களுக்கு இல்ல. அதுக்குப் பதிலா எழுதினதைப் பதிவுக்கு முந்தின நாள் நாலஞ்சு பேருகிட்ட வாசிச்சுக் காட்டுங்க. விஷயம் முன்னாலயே தெரிஞ்ச ஆளு கூடாது. எங்க சிரிச்சாங்களோ அங்க கோடு, எங்க "என்னது?"ன்னு கேட்டாங்களோ அங்க வட்டம். வட்டம் விழுந்த இடத்துல விளக்கம் கூட்டாதீங்க, முன்னால ஒரு தகவல் விட்டுப்போயிருக்கும், அதைச் சேருங்க. ரெண்டுமே விழாத பத்தியை எடுத்துருங்க.

எல்லா ஃபிரேம்லயும் "நையாண்டி"ன்னு ஒரு முத்திரை, திரையோட நடு உயரத்துல ஓரமா. மூலையில போட்டா வாட்ஸ்அப்புக்கு வெட்டுறவன் மூலையை வெட்டிருவான். முதல்ல மாத்திரம் போட்டா முதல் அஞ்சு செகண்டை வெட்டிருவான். பொய்த் தலைப்பு கார்டு செய்யிறீங்கன்னா எந்த நிஜ சேனலோட நிறத்தையும் எழுத்துருவையும் ஒட்டி வராதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்தவன் அதை நிஜச் செய்தின்னு பரப்புவான், பேரு உங்களுக்கு. முகப்பு இசைக்கு சினிமாப் பாட்டு தொடவே கூடாது. வில்லுல ரெண்டு வீச்சு, குடத்துல ஒரு தட்டு, நீங்களே பதிவு பண்ணுனா மூணு செகண்டு முகப்பு இசை ஆச்சு.

சட்டப்புள்ளி:

வழக்கு பத்தி. இது பொது விவரம், வழக்கு வந்தா வக்கீலைத்தான் பாக்கணும்.

அவதூறு இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 356ஆம் பிரிவு. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறை, முன்னால இந்திய தண்டனைச் சட்டம் 499, 500. ரெண்டு வருஷம் வரை சிறை, இல்லன்னா அபராதம், ரெண்டும், அல்லது சமூகப் பணி. பலரும் தப்பா நினைக்கிறது ஒண்ணு: "உண்மையைத்தானே சொன்னோம், எப்படி வழக்கு வரும்?" குற்றவியல் அவதூறுல உண்மை மட்டும் போதாது. அதைச் சொல்லுறது பொது நன்மைக்காகவும் இருக்கணும், அதுதான் முதல் விதிவிலக்கு. பொது ஊழியர் தன் பொதுப் பணியில நடந்துகிட்டதைப் பத்தி நல்லெண்ணத்தோட சொல்லுற கருத்துக்கு ரெண்டாவது விதிவிலக்கு. நடைமுறையில இதுக்கு அர்த்தம்: அதிகாரியோட உத்தரவைக் கிண்டல் பண்ணலாம். அவரு வீட்டுக் கல்யாணம், உடம்பு, சாதி, பிள்ளைங்க படிப்பு இதெல்லாம் தொட்டா விதிவிலக்கு உங்களைக் காப்பாத்தாது. நையாண்டியாவும் அது மட்டம்தான். கையெழுத்து போட்டவரை விட்டுட்டு கவுண்டர்ல உக்காந்திருக்கிற எழுத்தரைக் கேலி பண்ணுறதும் அதே ரகம்.

ஆலிவர் மேல 2017ல ஒரு நிலக்கரி முதலாளி வழக்குப் போட்டாரு, 2018ல தள்ளுபடி ஆச்சு. அதைக் காட்டி தைரியம் கொள்ளாதீங்க, அமெரிக்காவுல பேச்சுரிமைக்கு இருக்கிற அரண் இங்க அதே உயரத்துல இல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24ல ரத்து பண்ணினது நல்லதுதான், ஆனா பாரதிய நியாய சன்ஹிதாவுல மத உணர்வைப் புண்படுத்துறதுக்கு 299, பிரிவினருக்குள்ள பகை வளக்கிறதுக்கு 196 இருக்கு. கோயிலும் பள்ளியும் குருசடியும் அடுத்தடுத்து இருக்கிற மாவட்டம் இது. திருவிழா ஒலிபெருக்கியைப் பத்திப் பேசணும்னாகூட அளவு டெசிபல் விதியைப் பத்தி இருக்கட்டும், கும்பிடுறவனைப் பத்தி இருக்க வேண்டாம்.

கிளிப்புக்கு: பதிப்புரிமைச் சட்டம் 1957, 52(1)(அ). விமர்சனம், நடப்புச் செய்தி அறிவிப்பு ரெண்டுக்கும் நியாயமான அளவு எடுத்தாளலாம். பத்து செகண்டு ஓடவிட்டு அதைப் பத்திப் பேசினா விமர்சனம். ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு "எப்படி?"ன்னு கேட்டா அது விமர்சனம் ஆகாது. ஆனா யூடியூப்போட தானியங்கிக்குச் சட்டம் தெரியாது, ஒத்துப்போச்சுன்னா உரிமை கோரும். மறுப்பு போட்டா எதிராளிக்கு 30 நாள் அவகாசம். 90 நாளுக்குள்ள மூணு பதிப்புரிமை எச்சரிக்கை விழுந்தா சேனலே போச்சு. முடிஞ்சவரை துறையோட அதிகாரப்பூர்வக் கணக்குல வந்த வீடியோ, நீங்களே எடுத்த ஃபோட்டோ, அச்சான அறிக்கை இதை வச்சே ஓட்டுங்க. ஏஐ குரல்ல அமைச்சரைப் பேச வைக்கிற யோசனை யாருக்காவது இருந்தா, அதை விட்டுருங்க.

சாயாக்கடை:

இவ்வளவு சட்டம் இருக்கையில அந்த எகிப்து டாக்டரு எப்படி நடத்தினாரு?

வீசுகோல்:

பாசெம் யூசுஃபைச் சொல்லுதீங்க. இதய அறுவை மருத்துவரு. 2011ல புரட்சி நடந்த பிறவு வீட்டுல துணி துவைக்கிற அறையில கேமரா வச்சு யூடியூப்ல தொடங்கினாரு. அரசுத் தொலைக்காட்சி சொன்னதையும் தெருவுல நடந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு, அவ்வளவுதான். பிறவு டிவிக்குப் போயி அரபு நாடு முழுக்கப் பாத்தாங்க. 2013ல கைது உத்தரவு வந்துச்சு, 2014ல நிகழ்ச்சியை நிறுத்த வேண்டியதாச்சு. நடத்தினாருன்னு மட்டும் சொல்ல முடியாது.

வடசேரிச்சந்தை:

திருத்தி எழுதினது இது. பாத்துச் சொல்லுங்க.

"கால்வாய்ச் சீரமைப்புப் பணி. ஒப்பந்தக் காலம் ஆறு மாதம். பணி போர்க்கால அடிப்படையில் நடைபெற்று வருகிறது." (பலகைப் படம், கொடி ஏறினது.) (முகம்.) "போர்க்கால அடிப்படைதான். நூறாண்டுப் போர். இந்தப் பலகையில போட்டதுல முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு, பலகை. அதுலயும் இப்ப வெற்றிலைக்கொடி பயிர் பண்ணுதாங்க. எப்பதான் இந்த நிலைமை மாறுமோ!"

தக்கலைக்காரி:

போர்க்காலம், பலகை, வெற்றிலை. மூணு ஜோக்கு ஒரே பத்தியில முட்டுது. "நூறாண்டுப் போர்" நல்ல வரி, ஆனா அது அறிக்கையைக் கடிக்குது. பலகை தேதியைக் கடிக்குது. ஒண்ணை இந்த வாரத்துக்கு வையுங்க, மற்றதை எழுவாய்ப் பகுதிக்குக் கொண்டு போங்க. "எப்பதான் மாறுமோ" வெட்டுங்க, அது பாக்கிறவன் சொல்ல வேண்டியது.

வீசுகோல்:

வெற்றிலையும் வெட்டணும். கொடி படத்துல தெரியுதுலா, வாயாலயும் சொன்னா படத்துக்கு என்ன வேலை? "ஆறு மாதம்"னு வாசிச்ச பிறவு தொடங்கின தேதி வரணும், அது விட்டுப்போச்சு. அது இல்லாம கணக்குப் போட முடியாது, கணக்கு வராட்டி சிரிப்பும் வராது.

வெட்டு_ஒட்டு:

ஃபோட்டோ எடுத்த இடத்துல தரையில ஒரு கோடு போட்டு வச்சுருங்க. ஃபோன் என்ன உயரம், எந்த ஜூம்னு குறிச்சுக்கிடுங்க. அடுத்த வாரமும் அதே இடத்துல நின்னு, அதே நேரத்துல, அதே பலகையை எடுங்க. எபிசோடு கடைசியில ரெண்டு செகண்டு, பேச்சு இல்லாம. கொடி எத்தனை அங்குலம் ஏறியிருக்குன்னு மாத்திரம் கீழ ஒரு எண்.